அம்மாவின் இலை ஆறுவதற்குள்: சிறு பிள்ளைகளோடு வரும் குடும்பங்களை நம் கடையில் வரவேற்க ஒரு முழுமையான வழிகாட்டி

குழந்தையோடு வந்த குடும்பம் சாப்பிட்டு எழுந்து போனதும் நான் முதலில் பார்ப்பது அம்மாவின் இலையைத்தான். கோஸ் பொரியல் தொடாமல் காய்ந்து, குழம்பின் மேல் எண்ணெய் படிந்து, சோற்றில் நாலு விரல் பட்ட பள்ளம் மட்டும் இருந்தால், அன்று நாங்கள் சரியாகப் பரிமாறவில்லை என்று அர்த்தம். அந்தப் பெண் சாப்பிடவே இல்லை. ஊட்டினார், துடைத்தார், தூக்கிக்கொண்டு நடந்தார், பக்கத்து மேசையைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தார், பணம் கட்டிவிட்டுப் போனார். இலை காலியாகி, தன் பக்கமாக மடித்து வைக்கப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதி.

மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊரில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில், பன்னிரண்டு மேசை போட்ட கடை எங்களுடையது. காலையில் ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), தோசை. மதியம் வாழை இலைச் சாப்பாடு. சுற்றிலும் ஹீவூட், எல்பில், கமுனிங் என்று தோட்டப் பெயர்கள். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்த பிறகு, பிள்ளைகள் ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். ஆயாவும் தாத்தாவும் இங்கேயே இருக்கிறார்கள். அதனால் சனி, ஞாயிறு வந்தால் எங்கள் மேசையில் மூன்று தலைமுறை உட்காரும். தாத்தா, ஆயா, மகன், மருமகள், நாலு வயதில் ஒன்று, மடியில் ஒன்று. பெரிய பட்டணத்துக் கடைகளுக்கு இது எப்போதாவது நடப்பதாக இருக்கலாம். தோட்டப்புற ஊரில் கடை நடத்துகிறவர்களுக்கு இதுதான் வாரக் கடைசி வியாபாரம்.

இதில் எனக்குச் சொந்த வலியும் உண்டு. என் மூத்த மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, வேறோர் ஊரில் ஒரு கடையில் சாப்பிடப் போனோம். அவள் கண்ணாடிக் குவளையைத் தட்டிவிட்டாள். வந்து கூட்டிய பையன் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் திரும்பிப் போகும்போது இன்னொருவரிடம், எங்கள் காதில் விழுகிற மாதிரி, "இதுங்களைத் தூக்கிக்கிட்டு ஏன்தான் வெளிய வர்றாங்களோ" என்றான். சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மாலை நாலு மணிக்கு, காருக்குள் உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டேன். இத்தனை வருடம் ஆகியும் அது மறக்கவில்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் பசியோடு மட்டும் வருவதில்லை, யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தோடும் வருகிறார்கள். கீழே நான் எழுதியிருப்பதெல்லாம் அந்தப் பயத்தைப் போக்கவும், அம்மாவின் இலை ஆறுவதற்குள் அவரைச் சாப்பிட வைக்கவும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளைக் கூட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆன பிறகு சின்னக் கடைக்கு ஒவ்வோர் ஆளும் கணக்குதான். இங்கே சொல்வதில் முக்கால்வாசிக்குக் காசே வேண்டாம்.

முதல் படி: கடையைப் பிள்ளையின் உயரத்திலிருந்து பாருங்கள்

கடை மூடிய பிறகு ஒரு நாள் மண்டி போட்டு வாசலிலிருந்து கழிவறை வரை போய்ப் பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் கண் உங்கள் இடுப்புக்கும் கீழே இருக்கிறது. அந்த உயரத்தில்தான் கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) ரப்பர்க் குழாய், ஃபேன் வயர், மேசை விரிப்பின் தொங்கும் நுனி, மேசைக்கு அடியில் புகையும் கொசுவர்த்தி, உடைந்த டைல்ஸின் கூர் எல்லாம் இருக்கின்றன. நான் அப்படிப் பார்த்த அன்று கண்டுபிடித்தது, தேத்தண்ணி கலக்கும் இடத்தில் வெந்நீர்த் தோம்பின் குழாய், ஒரு பிள்ளை எட்டித் திருகும் உயரத்தில் இருந்ததை. மறுநாளே தோம்பை உள்பக்கமாகத் திருப்பி வைத்தோம்.

வாசலில் கவனிக்க வேண்டியது அஞ்சடியும் (கடை முன்னால் ஓடும் நடைபாதை) கால்வாயும். பழைய கடை வரிசைகளில் அஞ்சடியைத் தாண்டினால் திறந்த கால்வாய், அதை ஒட்டியே மோட்டார் சைக்கிள்கள். கால்வாய்க்கு இரும்புச் சட்டம் போடுங்கள். அஞ்சடியில் மேசை போட்டிருந்தால் அதைப் பிள்ளையுள்ள குடும்பத்துக்குக் கொடுக்காதீர்கள், காற்று நன்றாக வந்தாலும் சரி.

புகை விஷயத்தில் தயக்கமே வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டம் வேப் என்கிற மின்சிகரெட்டையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. பழகிய வாடிக்கையாளர் என்று விட்டுவிடாமல், "அண்ணே, பாப்பா இருக்கு, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போய்க்கிறீங்களா" என்று கேளுங்கள். பிள்ளையைக் காட்டிக் கேட்டபோது முகம் சுளித்தவர் எங்கள் கடையில் இதுவரை யாருமில்லை.

இரண்டாம் படி: எந்த மேசை

பல கடைகளில் பிள்ளையோடு வருகிறவர்களைக் கடைசி மூலைக்கு, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தள்ளிவிடுவார்கள். ஈரத் தரை, வருகிறவர் போகிறவர் எல்லாம் இடித்துக்கொண்டு போகும் இடம். அது வேண்டாம். நான் ஒதுக்கி வைத்திருப்பது சுவரோரம் இரண்டு மேசை. ஒரு பக்கம் சுவர் இருப்பதால் பிள்ளை அந்தப் பக்கம் விழாது, ஓடாது. சமையல்கட்டிலிருந்து தட்டு வரும் பாதை அங்கே குறுக்கிடாது. அழுதால் தூக்கிக்கொண்டு நடக்க வாசல் பக்கம்.

அந்த மேசையிலிருந்து பார்த்தால் ரொட்டிக் கல் தெரியும். இது தற்செயலாக அமைந்ததுதான், ஆனால் இதைவிடப் பெரிய உதவி கிடையாது. மாவை வீசி விரிப்பதைப் பார்க்கிற பிள்ளை பத்து நிமிடம் கண் சிமிட்டாமல் இருக்கும். கல்லுக்கும் மேசைக்கும் நடுவே பெரியவர் கைக்கு எட்டாத தூரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுக்காமலே சாப்பிட்டு முடித்த குடும்பங்களை அந்த மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

குழந்தை நாற்காலி இரண்டு போதும். கால் அகன்றதாக, சாயாததாக, இடுப்புப் பட்டையும் கவட்டுப் பட்டையும் உள்ளதாக வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் நல்லது நூறு வெள்ளிக்கு உள்ளேயே நான் வாங்கினேன். வாங்கி வைப்பதோடு வேலை முடியாது. பட்டை அறுந்த நாற்காலி இல்லாத நாற்காலியைவிட ஆபத்து. மேசையையோ சுவரையோ பிள்ளை காலால் உதைக்க எட்டினால், நாற்காலியோடு பின்னால் சாயும். அதனால் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அதன் முதுகில் பையை மாட்ட விடாதீர்கள். குடும்பத்தின் கண்முன்னாலேயே ஒரு தரம் துடைத்துக் கொடுங்கள். முன்பே துடைத்ததுதான் என்றாலும், கண்ணால் பார்த்தால்தான் அம்மாவுக்கு மனம் ஆறும். முதுகில்லாத வட்ட ஸ்டூலில் ஐந்து வயதுக்குக் கீழே யாரையும் உட்கார வைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: முதல் மூன்று நிமிடம்

மற்ற எல்லாப் படிகளையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

குடும்பம் மோட்டாரிலோ காரிலோ வந்து இறங்கும்போதே ஒருவர் வெளியே போய்ப் பையை வாங்கிக்கொள்ள வேண்டும். பையை மட்டும். பிள்ளையைக் கேட்காமல் தொடவோ, கன்னத்தைக் கிள்ளவோ கூடாது. அன்பாகத்தான் செய்வோம், ஆனாலும் பரிமாறும் கை அது, கிள்ளப்படுவது பிள்ளை. பெரியவர்களிடம் பேசுவதற்கு முன்னால் பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுங்கள். நம்மவர் என்றால் "வாங்க தம்பி, வாங்க பாப்பா", மலாய்க் குடும்பமோ சீனக் குடும்பமோ என்றால் "அடிக்" (மலாயில் தம்பி, தங்கை). அந்த ஒரு வார்த்தையில் அம்மாவின் தோள் இறங்குவதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம்.

அப்புறம் மேசையைக் காலி செய்யுங்கள். கண்ணாடிக் குவளை, பல்குத்தி, சம்பால் (மிளகாய் விழுது) கிண்ணம், சூடான எதுவும், எல்லாம் எதிர்ப்பக்கம் போக வேண்டும். குவளைக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர்.

உடனே, கேட்காமலே, அப்பளம். இலை போடுவதற்கு முன்னால், ஆர்டர் எடுப்பதற்கு முன்னால். ஒரு வயது தாண்டி, பல் முளைத்து, தானாக மென்று தின்கிற பிள்ளைக்குத்தான் இது, அதையும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். முழு அப்பளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கிருந்து கடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பெற்றோர் மூச்சு விடுகிறார்கள், என்ன சாப்பிடலாம் என்று யோசிக்கிறார்கள். அதைவிடச் சின்னக் குழந்தைக்குக் கழுவிய பெரிய மரக்கரண்டி ஒன்றைக் கொடுத்தால் போதும், மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும்.

ஆர்டர் எடுக்கும்போது முதல் கேள்வி பிள்ளையைப் பற்றியதாக இருக்கட்டும். "அக்கா, பாப்பாவுக்குக் காரமில்லாம கொஞ்சம் பருப்பும் சோறும் முதல்ல கொண்டு வந்திடவா?" அடுத்த கேள்விதான் எங்கள் கடையின் ரகசியம் என்று சொல்லலாம்: "உங்க ரெண்டு பேர் இலையும் சேர்த்துப் போடவா, ஒண்ணு பின்னாடி போடவா?"

இதைக் கேட்டதும் பலர் ஒரு நொடி புரியாமல் பார்ப்பார்கள். விளக்கம் எளிது. இரண்டு இலையும் ஒன்றாக வந்தால் ஒருவர் சாப்பிடுவார், மற்றவர் பிள்ளையைப் பிடித்திருப்பார். பிடித்திருப்பவரின் இலை ஆறும். நம் வீடுகளில் அது யாருடைய இலை என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு இலையைப் பதினைந்து நிமிடம் தள்ளிப் போட்டால், முதலில் சாப்பிட்டவர் கை கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வார், அடுத்தவருக்கு ஆவி பறக்கும் சோறு வரும். சமையல்கட்டுக்கு இதனால் ஒரு வேலையும் கூடுவதில்லை. யாருக்கு முதலில் என்று கேட்கும்போது அம்மாவைப் பார்த்துக் கேளுங்கள்.

நான்காம் படி: இலையும் காரமும்

தாளிப்பதற்கு முன்னால், மிளகாய் விழுவதற்கு முன்னால், ஒரு சட்டிப் பருப்பைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உப்பும் குறைவாக. இந்த ஒரு பழக்கம் போதும், பாதிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆகிவிட்டது. அதோடு நெய்யில்லாத இட்லி, சின்னதாக ஊற்றிய தோசை, பச்சைமிளகாய் போடாத முட்டை, தயிர்ச் சோறு. ரசத்தைக் காரமில்லை என்று சொல்லி ஊற்றிவிடாதீர்கள், மிளகும் காரம்தான். காரமில்லை என்று ஒருமுறை பொய் சொன்ன கடைக்கு அந்தக் குடும்பம் திரும்ப வராது.

பெரிய நுனி இலையைப் பிள்ளைக்கு முன்னால் விரித்தால் இழுக்கத்தான் செய்யும். இலை வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளை உள்ளங்கை அளவுக்கு நறுக்கி வைத்துக்கொண்டு, ஒரு தட்டின் மேல் போட்டு அதில் பரிமாறுகிறோம். தனக்கும் இலை போட்டார்கள் என்பதில் நாலு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெருமை என்று பாருங்கள். அதன் பிறகு அது பெரியவர் இலைப் பக்கம் கையை நீட்டாது.

மடியில் குழந்தையோடு இருப்பவர் ஒற்றைக் கையால் சாப்பிடுகிறார். சாப்பிடுவது வலது கை, இடது கை முழுக்கப் பிள்ளைக்கு. அவருக்குக் கோழியை எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் போடுங்கள். மீன் கேட்டால் நடுத்துண்டு. அவர் இலையை நேர் முன்னால் போடாமல் ஒரு சாண் வலப்பக்கம் தள்ளிப் போட்டால் குழந்தையின் கால் அதில் படாது. மறுசோறு, மறுகுழம்பு அவர் கூப்பிட்டுக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவரால் கையைத் தூக்க முடியாது.

இனித் தொண்டையில் அடைப்பது பற்றி. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் (வேர்க்கடலை), முழுக் கொண்டைக்கடலை, மீன் உருண்டை, வட்டமாக வெட்டிய சாசேஜ், முழுத் திராட்சை எதுவும் போகக் கூடாது. உருண்டையாக, வழுவழுப்பாக இருப்பது மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடும். மீன் உருண்டை, சாசேஜ், திராட்சை கொடுப்பதென்றால் நீளவாக்கில் கீறி நாலாக்குங்கள். பிள்ளை தட்டிலிருந்து ஏலக்காய், பட்டை, கறிவேப்பிலை, முள் எல்லாம் சமையல்கட்டிலேயே எடுக்கப்பட வேண்டும். அப்புறம், கல்லாவில் பாட்டில் நிறைய மிட்டாய் வைத்துக்கொண்டு போகிற பிள்ளை கையிலெல்லாம் கொடுக்கிறோமே, அதை நான் நிறுத்திவிட்டேன். கடினமான உருண்டை மிட்டாய் அந்த வயதுக்கு ஏற்றதே இல்லை. இப்போது ஒரு சின்ன வாழைப்பழம் கொடுக்கிறேன்.

கடையில் எப்போதும் ஒருவருக்காவது முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். பிள்ளை சத்தமாக இருமினால் இருமட்டும், முதுகில் தட்ட வேண்டாம். சத்தம் வராமல், மூச்சு விட முடியாமல் திணறினால் உடனே இறங்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழ் என்றால் முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லையென்றால் திருப்பி, மார்பின் நடுவே 5 அழுத்தல். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் 5 தட்டு, பிறகு பின்னாலிருந்து வயிற்றை உள்ளும் மேலுமாக 5 அழுத்தல். அடைத்தது வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அதே நேரம் இன்னொருவர் அவசர எண் 999ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை வாய்க்குள் விரலை விட்டுத் தேடக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். படித்தால் மட்டும் கை பழகாது. மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. ஓர் ஆளையாவது அனுப்புங்கள்.

ஒவ்வாமை பற்றிக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடாதீர்கள். குருமாவில் முந்திரி, சம்பாலில் பெலாச்சான் (இறால் விழுது), ரொட்டி மாவில் பால், சில கடைகளில் முட்டை. எதில் என்ன இருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவில் ஒட்டி வைத்திருக்கிறோம். தெரியவில்லை என்றால் சமைத்தவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்ல வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டுக் கொடுக்க யாரையும் விடாதீர்கள். அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் அந்த வயதுக் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம்.

ஐந்தாம் படி: சூடு

எங்கள் ஊர்க் கடைகளில் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய ஆபத்து தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேத்தண்ணிதான். 60 டிகிரி சூட்டுத் தண்ணீரே சில நொடிகளில் பிள்ளையின் தோலை வேகவைத்துவிடும். ஆற்றிய தேத்தண்ணி என்று நாம் நினைப்பது பெரியவர் நாக்குக்குத்தான் ஆறியது.

எங்கள் விதி மூன்று. பிள்ளையின் தலைக்கு மேலாகச் சூடான எதையும் கொண்டுபோகக் கூடாது, சுற்றிப் போக வேண்டும். சூடான தண்ணி (தேத்தண்ணி, காப்பி) மேசையின் நடுவில், கைப்பிடி உள்பக்கமாகத் திரும்பி இருக்க வேண்டும். மடியில் குழந்தை உள்ளவருக்குச் சூடான தண்ணி கடைசியில் வர வேண்டும், அதுவும் முக்கால் குவளைதான். பிள்ளைக்கு மைலோ கேட்டால் வெதுவெதுப்பாக, மூடியுள்ள குவளையில், உறிஞ்சு குழலோடு.

கொட்டிவிட்டால் நனைந்த உடுப்பைக் கழற்றிவிட்டு (தோலில் ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம்), 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இருபது நிமிடம் என்பது நீண்ட நேரம், பெற்றோர் பதறுவார்கள். பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பற்பசை, கிச்சாப் (சோயா சாஸ்), ஐஸ் எதுவும் வேண்டாம். நம் ஊரில் இந்த மூன்றையும் யாராவது எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள், தடுத்துவிடுங்கள். பிறகு மருத்துவமனை.

ஆறாம் படி: பால், தாய்ப்பால், பேம்பர்ஸ்

புட்டிப்பால் கலக்க வெந்நீர் கேட்டால், தேத்தண்ணிக்கென்று வைத்திருக்கும் குவளையில் பிடித்துக் கொடுக்காதீர்கள். கொதித்த தண்ணீரை மூடிய சுத்தமான பிளாஸ்கில் கொண்டு வாருங்கள். பால்மாவைக் கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மாவிலேயே கிருமி இருக்கலாம் என்பதால் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சூட்டில் கலந்ததை உடனே கொடுக்க முடியாது. அதனால் கூடவே ஒரு பெரிய கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வையுங்கள். புட்டியை அதில் நிற்க வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கிண்ணத்தை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் கொண்டுவந்து வைத்தபோது, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காக்கா?" என்று ஒரு பெண் என்னைக் கேட்டார்.

பால் டின் தீர்ந்துவிட்டது என்று யாராவது தவித்தால், கடையில் இருக்கும் டின் இனிப்புப் பாலை (கண்டென்ஸ்டு மில்க்) கரைத்துக் கொடுக்கலாமா என்று வயதானவர்கள் கேட்பார்கள். தோட்டத்தில் அப்படி வளர்ந்த பிள்ளைகள் உண்டு. ஆனால் அது குழந்தைக்கு உணவே இல்லை. இப்போது கடைகளில் கிடைப்பதில் பலவும் சீனியும் செம்பனை எண்ணெயும் சேர்ந்த கிரீமர். 1939இலேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், இந்த இனிப்புப் பாலைக் குழந்தைகளுக்கு என்று விற்பதைக் கண்டித்துப் பகிரங்கமாகப் பேசினார். பக்கத்து மளிகைக் கடைக்கு ஓர் ஆளை அனுப்பிச் சரியான பால்மாவை வாங்கி வரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

தாய்ப்பால் கொடுக்கிறவரைச் சாமான் அறைக்கு அனுப்பாதீர்கள். சுவரைப் பார்த்த நாற்காலி ஒன்று, முதுகுக்குச் சாய்மானம், ஒரு ஃபேன், அவ்வளவுதான் வேண்டும். ஆண் பணியாளர் அந்தப் பக்கம் பார்க்காமல் இயல்பாக வேலையைச் செய்ய வேண்டும். பால் கொடுக்கும்போது தாகம் எடுக்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பேம்பர்ஸ் மாற்ற, எங்கள் கழிவறையில் இடம் இல்லை. ஈரமான குந்து கழிவறை. அதனால் பின்பக்கம் கைகழுவும் இடத்துக்கு அருகே இடுப்புயரப் பலகை ஒன்று அடித்து, துடைக்கக்கூடிய மெத்தை போட்டு, திரை கட்டியிருக்கிறோம். பக்கத்தில் மூடியுள்ள குப்பைத்தொட்டி, சோப்பு, பிளாஸ்டிக் பை. அப்பாமாரும் போய் மாற்றும்படி அது பெண்கள் கழிவறைக்கு வெளியே இருப்பது முக்கியம்.

ஏழாம் படி: அழுகையும் சிந்தலும்

பிள்ளை சிந்தியதும் பெற்றோர் குனிவதற்குள் துணியோடு போய்விடுங்கள். "பரவால்லக்கா, நான் பாத்துக்கறேன், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லுங்கள். இந்த வாக்கியத்தை எங்கள் ஆட்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், நேப்பாளத்திலிருந்து வந்தவர் உட்பட. பெருமூச்சு விடக் கூடாது. உடைந்த குவளைக்குக் காசு வாங்கக் கூடாது.

அழுகை வந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதுதான் அம்மாவை எழுந்து போகவைக்கும். நான் செய்வது, அந்தப் பக்கத்து மேசைக்குப் போய் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது. கவனம் திரும்பிவிடும். எரிச்சல்பட்டு யாராவது ஏதாவது சொன்னால், இடம் மாறுவது அவராக இருக்க வேண்டும். அவருக்கு வேறு மேசையை மரியாதையாகக் காட்டுங்கள். பழைய தோட்டத்து ஆட்கள் பெரும்பாலும் இதற்குக் கோபப்படுவதே இல்லை. ஆயாக் கொட்டாயில் (தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை) இருபது முப்பது தொட்டில்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள் அவர்கள்.

ஆனால் பிள்ளை ஓடத் தொடங்கினால் சும்மா இருக்கக் கூடாது. பெற்றோரைத் திட்டாமல், பிள்ளையிடமே போய், "தம்பி, இங்க சூடான சட்டி வரும், வாங்க ரொட்டி போடுறத பாக்கலாம்" என்று கூப்பிட்டு அவர்கள் மேசைக்கே கொண்டுபோய் விடுங்கள்.

எட்டாம் படி: பணம் வாங்குவது

பிள்ளை முரண்டு பிடிக்கத் தொடங்கிவிட்டால் குடும்பத்துக்கு நேரமே இல்லை. கல்லாவில் வரிசையில் நிற்க வைக்காமல் மேசைக்கே போய்க் கணக்கு முடியுங்கள். மிச்சத்தைக் கேட்காமலே கட்டிக் கொடுங்கள். பிள்ளையின் ஒரு கரண்டிப் பருப்புக்கும் சோற்றுக்கும் நான் காசு போடுவதில்லை. போடுகிற கடையானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: ஆட்களைப் பழக்குவது

உணவகத்தில் வேலை செய்கிறவர்கள் உணவு கையாள்வோர் பயிற்சி எடுக்க வேண்டும், டைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகளிலேயே இருக்கிறது. அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் எங்கள் சுவரில் தொங்குகின்றன. பிள்ளைகளைப் பற்றி மட்டும் எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. கல்யாணமாகாத, ஊரில் தம்பி தங்கையை விட்டுவிட்டு வந்த இருபது வயதுப் பையன்களுக்கு இதெல்லாம் தானாகத் தெரியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், பாதிதான் மனதில் நின்றது. அப்புறம் வேறு வழி கண்டுபிடித்தேன். புது ஆள் வந்தால் முதல் வாரத்தில் ஒரு நாள் மதியம், கூட்டம் குறைந்த பிறகு, என் நாத்தனார் மகனை மடியில் வைத்து அவரை மேசையில் உட்கார வைத்துவிடுவேன். பிள்ளைக்கு ஒன்றே முக்கால் வயது. இலை போட்டு, சோறு, குழம்பு, கோழி, அப்பளம், தண்ணீர் எல்லாம் வரும். சாப்பிடுங்கள் தம்பி என்று சொல்லிவிட்டு நாங்கள் எங்கள் வேலையைப் பார்ப்போம்.

போன மாதம் இராமநாதபுரத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ஐந்து நிமிடத்தில் பிள்ளை அவன் இலையை இழுத்துவிட்டது, அப்பளத்தை நொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டது. அவன் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மூன்று தரம் கீழே வைத்தான். கோழியை ஒற்றைக் கையால் பிய்க்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டான். கை கழுவி வந்தபோது எதுவும் பேசவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஹீவூட் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து சுவரோர மேசையில் உட்கார்ந்தது. நான் கல்லாவில் இருந்தேன். அவன் போய், தண்ணீர் டம்ளரை மேசையின் நடுவுக்குத் தள்ளினான், அம்மாவின் இலையை ஒரு சாண் வலப்பக்கம் போட்டான், கோழிச் சட்டிக்குள் கரண்டியை விட்டு எலும்பில்லாத துண்டைத் தேடிக்கொண்டிருந்தான்.